கொஜிரா: யப்பானியத் திரையிற் பூதவிலங்குகளும் அவற்றை ஆராய்ந்த நூல்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் நாணயங்களையும் அரசாங்க ஆவணங்களையும் முதற்கண் நாடுவர். அவை இன்றியமையாத சான்றுகளே. ஆயினும் ஒரு காலத்து மக்கள் எதற்கு அஞ்சினர், எதனை நினைந்து அழுதனர், எதனை வாய்விட்டுக் கூற நாணினர் என்பவற்றை அச்சான்றுகள் பெரும்பாலும் உரைப்பதில்லை. அவற்றை அறிய விரும்புவோர் அறிஞர் பொழுதுபோக்கென ஒதுக்கிய பாட்டிலும் கூத்திலும் கதையிலும் தேடுதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டிற் கூத்தின் இடத்தைத் திரைப்படம் பெற்றது. அத்திரைப்படங்களுள்ளும் மிக எளியவை என்று பலராலும் எள்ளப்படுவன யப்பானிய நாட்டுப் பூதவிலங்குப் படங்கள். ஒரு சமுதாயம் நேர்முகமாகப் பேசவியலாத துயரை உருவகமாகப் பேசிய ஆவணங்கள் அவை. அவ்வுருவகம் பேசியதை மட்டுமன்றி, அது பேசாது விட்டதையும் வரலாற்று மாணவன் படித்தறிதல் வேண்டும். இவ்விரண்டுமே இக்கட்டுரையின் துணிபுகள்.

யப்பானியர் இவ்விலங்குகளைக் 'கைஜு' என்பர். விந்தையான விலங்கு என்பது அச்சொல்லின் பொருள். அது திரைப்படத்தோடு பிறந்த சொல்லன்று. மலைகளிலும் கடல்களிலும் உறையும் விந்தை உயிர்களைத் தொகுத்துரைக்கும் 'ஷான் ஹாய் ஜிங்' என்னும் பழைய சீன நூலிலேயே அது காணப்படும். யப்பானிய மண்ணிலும் ஆறு, காடு, பாழ்மனை என்பவற்றில் உறைவனவாக எண்ணப்பட்ட அணங்குகள் பல உண்டு. 1776ஆம் ஆண்டில் தொரியாமா செக்கியென் என்னும் ஓவியர் அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து பெயரிட்டுப் படநூலாக வெளியிட்டார். அஞ்சத்தக்கவற்றை வரிசைப்படுத்தி ஏட்டினுள் அடக்கும் இவ்வழக்கம் பின்னொரு காலத்தில் மீண்டும் தலைகாட்டியதை உரிய இடத்திற் காண்போம்.

நிலத்தின் அடியிற் கிடக்கும் மாபெருங் கெளிற்றுமீன் புரள்வதனாலேயே பூமி நடுங்குகிறது என்பது யப்பானியரின் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. 1855ஆம் ஆண்டிற் பெரும் பூகம்பம் ஒன்று எடோ நகரைச் சிதைத்தது. இன்றைய தோக்கியோவே அந்நகராகும். பூகம்பம் நிகழ்ந்த சின்னாட்களுள் இக்கெளிற்று மீனைச் சித்திரிக்கும் அச்சுப்படங்கள் தெருவெங்கும் விற்பனையாயின. சில படங்களில் மக்கள் திரண்டு அம்மீனை அடித்து நொறுக்குகின்றனர். வேறு சிலவற்றில், வீடுகளைத் திரும்பக் கட்டும் வேலையால் நல்ல கூலி பெற்ற தச்சரும் கொத்தரும் அம்மீனை உபசரிக்கின்றனர். செல்வரின் பொற்காசுகளைக் கக்கச் செய்யும் மீனும் அப்படங்களில் உண்டு. அரசாங்கம் அவற்றை விரைவிலே தடைசெய்தது. அழிவைத் தரும் விலங்கே நியாயத்தைத் தருவதாகவும் எண்ணப்பட்டமையும், ஆள்வோரை நேரே குறைகூற இயலாதவிடத்து விலங்கின் உருவம் அப்பணிக்கு உதவியமையும் ஈண்டு நோக்கத்தக்கன. அடுத்த நூற்றாண்டின் கைஜு இவ்விரு இயல்புகளையும் உடையதாயிருந்தது.

இனி, அது பிறந்த காலத்தைக் கருதுவாம். 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆந் திகதி இரவு அமெரிக்க விமானங்கள் சொரிந்த தீக்குண்டுகளால் தோக்கியோவில் ஏறத்தாழ 1,00,000 மக்கள் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் அணுக்குண்டுக்கு இரையாயின. தொடர்ந்து நாட்டை ஆண்ட அமெரிக்கப் படையாட்சி அணுக்குண்டின் கொடுமையைப் பற்றிய எழுத்துக்களையும் படங்களையும் தணிக்கை செய்தது. 1952 ஏப்பிரல் 28ஆந் திகதி அவ்வாட்சி முடிவுற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆந் திகதி 'அசாஹி' நிறுவனத்தின் படச் சஞ்சிகை ஹிரோஷிமாவின் புகைப்படங்களை வெளியிட்டபோதுதான் யப்பானிய மக்களிற் பலர் தம் நாட்டில் நிகழ்ந்ததை முதன்முதலாகக் கண்ணாற் கண்டனர். ஏழாண்டுகள் அடக்கப்பட்டிருந்த துயர் அது.

இந்நிலையில் 1954 மார்ச்சு 1ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்துப் பிக்கினித் தீவில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டைச் சோதித்தது. விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததினும் இரண்டரை மடங்கு வலிமையோடு, 15 மெகாதொன் அளவில் அது வெடித்தது. தடைசெய்யப்பட்ட எல்லைக்கு அப்பாலே மீன்பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் இலக்க அதிட்ட நாகம்' என்னும் பெயருடைய யப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் மழைபோற் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். அவர்கள் யைசுத் துறைமுகத்துக்கு மீண்டபின் செய்தி நாடெங்கும் பரவியது. வேறு பல படகுகள் கொணர்ந்த மீனிலும் கதிர்வீச்சுக் காணப்படவே மீன் சந்தைகள் கலங்கின. படகின் வானொலி இயக்குநரான ஐகிச்சி குபொயாமா செப்டெம்பர் 23ஆந் திகதி உயிர்நீத்தார். தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் முன்னின்று தொடங்கிய ஐதரசன் குண்டு எதிர்ப்பு விண்ணப்பத்தில் அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குள் 3 கோடிக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். குபொயாமா இறந்த ஆறாவது வாரத்திலே, நவம்பர் 3ஆந் திகதி, 'கொஜிரா' திரைக்கு வந்தது.

தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் தொமொயுகி தனாக்கா இந்தோனேசியாவிற் படமொன்று எடுக்க முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. ஜகார்த்தாவிலிருந்து விமானத்தில் மீளும்போது கீழே விரிந்த கடலைக் கண்டு, ஐதரசன் குண்டினால் விழித்தெழும் கடல்விலங்கு ஒன்றைப் பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது என்பர். 1933ஆம் ஆண்டின் 'கிங் கொங்' 1952இல் மீண்டும் திரையிடப்பட்டு வெற்றி பெற்றிருந்ததும், அணுக்குண்டால் விழித்தெழும் விலங்கு பற்றிய அமெரிக்கப் படமொன்று 1953இல் வெளிவந்திருந்ததும் அவர் அறியாதனவல்ல. மர்மக்கதை ஆசிரியரான ஷிகேரு கயாமா கதையை ஆக்கினார். தகெயோ முராத்தாவும் நெறியாளர் இஷிரோ ஹொண்டாவும் அதைத் திரைக்கதையாக்கினர். மனிதக் குரங்கைக் குறிக்கும் 'கொரிரா', திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்னும் இரு சொற்களும் கலந்து 'கொஜிரா' ஆயிற்று. மேனாட்டார் அதனைக் 'கொட்ஸில்லா' என்றனர்.

இப்படத்தை ஆக்கியோர் தம் காலத்து அனுபவத்தை உடலிலே தாங்கியவர்கள். ஹொண்டா பலமுறை படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவிற் பணிசெய்தவர். 1946இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். இசையமைத்த அகிரா இஃபுகுபே யுத்தகாலத்தில் மரங்களின் தன்மையை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து கதிர்வீச்சால் நோயுற்றவர். அவர் தமையனாரும் அத்தகைய பணியாலே இறந்தார். ஹிரோஷிமா அழிவைப் பற்றி 1952இலும் 1953இலும் வெளிவந்த இரு படங்களுக்கு இசை வகுத்தவரும் அவரே. தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி ட்சுபுராயா, பேர்ள் துறைமுகத் தாக்குதலைச் சிற்றுருக்களால் மீட்டுக் காட்டிய 'ஹவாய் மலாயாக் கடற்போர்' என்னும் 1942ஆம் ஆண்டுப் பிரசாரப் படத்தாற் புகழ்பெற்றவர். அத்துறைமுகத்தைத் தாக்கிய கப்பற்படையின் பெரும்பகுதியே அதே 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியது என்பதை நம் நாட்டினர் அறிவர். போர் முடிந்தபின் அப்பிரசாரப் பணிக்காக ட்சுபுராயா பதவியிழந்தார். வெற்றியைச் சிற்றுருவிற் காட்டிய கைகளே பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தோல்வியையும் சிற்றுருவிற் காட்டின.

செய்முறையையும் சிறிது கூறுதல் தகும். 'கிங் கொங்' படத்திற் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு படமாகப் பிடித்தனர். அவ்வாறு செய்யக் காலமும் பொருளும் தோஹோவிடம் இருக்கவில்லை. ஆகவே மனிதனொருவன் இறப்பர் உடையை அணிந்து நடிக்கும் முறையை ட்சுபுராயா கைக்கொண்டார். முதலிற் செய்த உடை ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையுடையது. அதனுள்ளே நின்ற ஹருவோ நகஜிமா விளக்குகளின் வெப்பத்தால் மயங்கி விழுந்ததும் உண்டு. கதையில் 50 மீற்றர் உயரமுள்ள விலங்கு, இருபத்தைந்தில் ஒரு பங்காக அமைக்கப்பட்ட தோக்கியோவின் நடுவே இரண்டு மீற்றர் உயர மனிதனாக நின்றது. படத்தை வேகமாகப் பிடித்துச் சாதாரண வேகத்தில் ஓட்டியபோது அதன் அசைவுகள் மெதுவாகித் தாங்கொணாப் பாரம் உடையன போலத் தோன்றின. பிசின் பூசிய தோற்கையுறையால் பெருவயலினின் தளர்த்திய தந்திகளை உரசி, அவ்வொலியை மாற்றியமைத்து விலங்கின் ஓலத்தை உண்டாக்கினர்.

படத்தின் போக்கை நோக்குமிடத்து, அது விலங்கைக் காட்டி மகிழ்விப்பதற்காக மட்டும் எடுக்கப்பட்டதன்று என்பது புலனாகும். முதற்காட்சியிலே கடலில் ஒளிப்பிழம்பு தோன்றி யப்பானியக் கப்பலொன்று எரிகிறது. அதைக் கண்டோர் யைசுப் படகை நினையாதிருத்தல் இயலாது. பாராளுமன்றக் குழுவில், விலங்கின் தோற்றத்துக்கு ஐதரசன் குண்டே காரணம் என்பதை வெளியிடலாகாது என ஒரு சாராரும், மக்களிடமிருந்து உண்மையை மறைத்தல் தகாது எனப் பெண் உறுப்பினர் உள்ளிட்ட மறுசாராரும் வாதிடுகின்றனர். புகைவண்டியிற் செல்லும் பெண்ணொருத்தி நாகசாக்கியில் உயிர்தப்பியதைச் சலிப்போடு நினைவுகூர்கிறாள். எரியும் தெருவோரத்தில் தாயொருத்தி பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, விரைவில் தந்தையிடம் சேர்ந்துவிடுவோம் என்று ஆறுதல் கூறுகிறாள். தந்தை எங்குப் போனார் என்று அக்காலத்துப் பார்வையாளருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விலங்கு சென்றபின் வருவது வெற்றிக்காட்சியன்று. வைத்தியசாலைத் தளத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்ட மக்களும், சிறுபிள்ளையின் உடலிற் பிடிக்கப்படும் கதிர்வீச்சு அளவுகருவியும், மாணவியர் பாடும் சாந்திப் பாடலுமே. 1954 ஜூலை மாதத்திலேதான் யப்பானின் புதிய தற்காப்புப் படை அமைக்கப்பட்டது. நான்கு மாதங்களின் பின் திரையில் அத்தகைய படையொன்று யாதும் செய்யமாட்டாது நின்றது.

கல்வி கற்போரும் கற்பிப்போரும் ஆழ்ந்து சிந்திக்கற்பாலது செரிசாவா என்னும் விஞ்ஞானியின் பாத்திரம். நீரிலுள்ள உயிரனைத்தையும் அழிக்கும் பொருளொன்றை அவர் ஆராய்ச்சியின் போக்கிலே தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார். விலங்கை அழிக்க வேறு வழியில்லை. ஆனால் அதை ஒருமுறை பயன்படுத்தினால் வல்லரசுகள் அதனைக் கவர்ந்து புதிய படைக்கலமாக்கும் என்று அஞ்சுகிறார். ஈற்றிற் குறிப்பேடுகளை எரித்து, விலங்கோடு தாமும் கடலடியில் மாய்கிறார். அறிவைத் தேடுவோன் தான் கண்டதன் பயனுக்கும் பொறுப்பாவானா என்பது அன்றைய உலகின் பெருவினா. ஒபன்ஹைமர் முதலியோரின் வாழ்விலும் எழுந்த அவ்வினாவைச் சாதாரண மக்கள் பார்க்கும் படமொன்று இவ்வளவு நேராக எழுப்பியது வியத்தற்குரியது. ஐதரசன் குண்டுச் சோதனை தொடருமாயின் இன்னொரு கொஜிரா தோன்றக்கூடும் என்று முதிய அறிஞர் யமானே எச்சரிப்பதோடு படம் முடிகிறது.

அப்படத்தை 96 இலட்சம் மக்கள் பார்த்தனர். அடுத்த ஆண்டில், அகிரா குரோசாவா அணுக்குண்டுப் பயத்தால் மனங்கலங்கும் முதியவர் ஒருவரைப் பற்றி விலங்கு எதுவுமின்றி ஒரு சீரிய படம் எடுத்தார். நிறுவனமும் தோஹோவே. உலகப்புகழ் பெற்ற அந்நெறியாளரின் படத்தை மக்கள் விரும்பவில்லை; அது நட்டத்தில் முடிந்தது. ஒரே அச்சத்தை நேர்முகமாகக் கூறியது தோற்றது. உருவகமாகக் கூறியது வென்றது. நெஞ்சைச் சுடும் ஒன்றை நேரே நோக்க இயலாதவர், அதற்கு வாலும் பல்லும் உண்டாயின் இருட்டறையிலிருந்து நோக்க வல்லராகின்றனர் போலும்.

உருவகத்துக்கு ஒரு குறைபாடும் உண்டு. அதன் பொருளைக் களைந்துவிட்டுக் கூட்டினை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1956இல் அமெரிக்க வணிகர் அப்படத்தை வாங்கி, ரேமண்ட் பர் என்னும் நடிகரை அமெரிக்கச் செய்தியாளராகச் சேர்த்து, 96 நிமிடப் படத்தை 80 நிமிடமாக்கி வெளியிட்டனர். பாராளுமன்ற வாதமும், நாகசாக்கி பற்றிய பேச்சும், யமானேயின் இறுதி எச்சரிக்கையும் அதில் இல்லை. உலகம் மீண்டும் அச்சமின்றி வாழலாம் என்னும் ஆறுதலோடு அது முடிந்தது. மேல்நாட்டார் நெடுங்காலம் கண்டது இவ்வடிவத்தையே. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளிற் பரவலாகக் காட்டப்பட்டது ஐம்பது ஆண்டு கழித்து, 2004இலேயாம்.

யப்பானிலும் நாளடைவில் மாற்றம் நிகழ்ந்தது. 1961ஆம் ஆண்டின் 'மொத்ரா' படத்துக்கு மூலமான கதையைச் ஷின்இச்சிரோ நகமுரா, தகெஹிகோ ஃபுகுனாகா, யொஷியே ஹொட்டா என்னும் மூன்று இலக்கிய ஆசிரியர் பகிர்ந்து எழுதினர். அணுக்குண்டுச் சோதனைக்கு உள்ளான தீவொன்றிலிருந்து இரு சிறு பெண்களைப் பேராசைக்காரன் ஒருவன் கவர்ந்துசெல்ல, அவர்களை மீட்க மாபெரும் விட்டில் எழுந்து வருகிறது. உருசியாவையும் அமெரிக்காவையும் ஒருங்கே நினைவூட்டும் 'ரொலிசிக்கா' என்னும் கற்பனை வல்லரசு அதிற் சாடப்படுகிறது. கதையில் அவ்விலங்கு கூடுகட்டிய இடம் பாராளுமன்றக் கட்டடம். 1960 ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து மக்கள் இலட்சக்கணக்கில் சூழ்ந்த இடமும் அதுவே. படத்தில் அக்கூடு தோக்கியோக் கோபுரத்துக்கு மாற்றப்பட்டது. நூலையும் படத்தையும் ஒப்புநோக்குவோர்க்கு இவ்வொரு மாற்றமே பல உண்மைகளை உணர்த்தும்.

1958இல் யப்பானியர் திரையரங்குகளுக்கு ஓராண்டில் 112 கோடிக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுக்களை வாங்கினர். பின்னர்த் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைய அத்தொகை விரைந்து வீழ்ந்தது. பெரியவர் வீட்டிலிருக்கப் பிள்ளைகளே திரையரங்குக்கு வந்தனர். தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்ற 1964ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த படத்தில், மூன்று தலை நாகமாகிய கிடொராவிடமிருந்து உலகைக் காக்கும் காவலனாகக் கொஜிரா மாறிற்று. 1966இல் ட்சுபுராயாவின் நிறுவனம் தொலைக்காட்சிக்கு ஆக்கிய 'அல்ட்ராமான்' வாரந்தோறும் புதிய பூதவிலங்கொன்றை வீட்டுக்குள்ளே கொண்டுவந்தது. நாடெங்கும் பிள்ளைகளைப் பூதவிலங்கு மோகம் பற்றிக்கொண்டது.

பூதவிலங்கு நூல்கள் பெருவாரியாகத் தோன்றியது அப்போதே. அவற்றுள் முதன்மை பெறுவன ஷோஜி ஓட்டோமோ என்னும் எழுத்தாளர் 1966, 1967ஆம் ஆண்டுகளில் ஆக்கிய படநூல்கள். ஒவ்வொரு விலங்கின் உயரம், நிறை, பிறப்பிடம், வலிமை என்பவற்றை அவர் அட்டவணைப்படுத்தினார். உடலைப் பிளந்து காட்டுவதுபோல உள்ளுறுப்புக்களையும் வரைவித்து, உயிரியற் பாடநூல்போல விளக்கினார். செக்கியென் அணங்குகளுக்குச் செய்ததை ஓட்டோமோ கைஜுக்களுக்குச் செய்தார் எனலாம். பிள்ளைகளின் அறிவார்வத்தையும் கற்பனையையும் ஒருங்கே வளர்த்த அந்நூல்களை இகழ்தல் பொருந்தாது. ஆயினும் ஐதரசன் குண்டின் சாம்பலிற் பிறந்த விலங்கு அவ்வேட்டிலே நூற்றுள் ஒன்றாயிற்று. எண்ணி அளந்து வரிசையில் வைத்த பொருளுக்கு எவரும் அஞ்சுவதில்லை.

எனினும் பழைய ஆற்றல் முற்றாக மறைந்துவிடவில்லை. நாடு செல்வம் பெருக்கிய அக்காலத்தில் மினமாட்டாவில் இரசநஞ்சாலும் யொக்கைச்சியில் ஆலைப்புகையாலும் மக்கள் நோயுற்றனர். தகொனோஊராத் துறைமுகம் காகித ஆலைகளின் கழிவுச் சேற்றால் நிறைந்தது. 1971இல் யொஷிமிட்சு பன்னோ நெறிப்படுத்திய படத்தில் அச்சேறே 'ஹெடொரா' என்னும் விலங்காய் எழுந்தது. யப்பானிய அரசாங்கம் சுற்றாடலுக்கெனத் தனி நிறுவனம் அமைத்ததும் அதே ஆண்டிலேயே.

இப்படங்களைக் கற்றோர் எவ்வாறு நோக்கினர் என்பதை இனி ஆராய்வாம். 1965இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் எழுதிய 'அழிவைப் பற்றிய கற்பனை' என்னும் கட்டுரை அமெரிக்க, யப்பானிய விஞ்ஞானக் கற்பனைப் படங்களை ஒருங்கே ஆராய்ந்தது. தாங்கவியலாத அச்சத்தை இத்தகைய படங்கள் வழமையான ஒன்றாக்கி, மக்களை அதற்குப் பழக்கிவிடுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. பிற்காலத்துப் படங்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். 1954ஆம் ஆண்டு மூலப்படத்துக்குப் பொருந்தாது. 1987இல் சொன் நொரியேகா எழுதிய கட்டுரை, கொஜிராவை அமெரிக்கப் பூதவிலங்குகளோடு சேர்த்தெண்ணாது யப்பானிய வரலாற்றினுள் வைத்து நோக்கியது. வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் சுட்சுய் 2004இல் வெளியிட்ட நூல், தம் சிறுபராயத்து விருப்பத்தை மறைக்காமலே, இத்தொடர் முழுவதையும் யப்பானின் போருக்குப் பிந்திய வரலாறாகப் படித்தது. ஸ்டீவ் ரைபிளும் எட் கொட்ஸிஷெவ்ஸ்கியும் 2017இல் எழுதிய ஹொண்டாவின் வரலாறு, அவரது போர்க்கால வாழ்வை ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தது. கயாமா 1955இல் நூல்வடிவிற் தந்த கொஜிராக் கதைகள் ஜெஃப்ரி ஏஞ்சல்ஸ் என்பவரால் 2023இலேதான் ஆங்கிலத்தில் வந்தன. உலகறிந்த விலங்கின் மூலக்கதை ஆங்கில வாசகரை அடைய ஏறத்தாழ எழுபது ஆண்டு சென்றது. எளியதென எண்ணப்படும் கலையின் ஆவணங்கள் எவ்வளவு காலந்தாழ்த்திக் கவனிக்கப்படுகின்றன என்பதற்கு இது தக்க சான்று.

யப்பானியத் திறனாய்வாளரின் ஆராய்ச்சி வேறு திசையிற் சென்றது. கொஜிரா அணுக்குண்டின் உருவகம் என்பதோடு அவர்களுட் சிலர் அமைதியுறவில்லை. அது தென்கடலிலிருந்து ஏன் யப்பானையே நோக்கி வருகிறது? தோக்கியோவை அழித்த பின்னரும் பேரரசரின் மாளிகையைத் தீண்டாது ஏன் திரும்புகிறது? தென்கடல்களில் மாண்டு, தாய்நாட்டாரால் மறக்கப்பட்ட போர்வீரரின் ஆவிகளே கொஜிரா என்று சபுரோ கவமொட்டோ விடையிறுத்தார். நொரிஹிரோ கட்டோ 2010இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மேலும் வளர்த்தார். மாண்டோரை வீரர் எனப் போற்றவும் இயலாது, குற்றவாளிகள் எனத் தள்ளவும் இயலாது தவித்த நாட்டின் கதவை அவர்கள் மீளமீளத் தட்டுகின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். ஆவிகளை வேடிக்கைப் பொருளாக்கியதன் உட்கருத்தும் இதனால் விளங்கும். அச்சமும் குற்றவுணர்வும் தருவதைப் பிள்ளைகளின் தோழனாக்கிவிட்டால் அதன் கேள்விக்கு விடையிறுக்க வேண்டியதில்லை.

இவ்விளக்கம் ஆழமானது. ஆயினும் அது நிறைவுடையதன்று. யப்பானிய அரசாங்கத்தின் கணக்குப்படி அப்போரில் மாண்ட யப்பானியர் ஏறத்தாழ 31 இலட்சம். யப்பானியப் படையெடுப்பினாற் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். சயாம் பர்மா மரண இரயிற் பாதையை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு நோயாலும் பசியாலும் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் அத்தொகையிற் சேர்வர். அதே தென்கடலிலிருந்து வரும் கொஜிராவின் ஓலத்தில் அவர்கள் குரல் கேட்கவில்லை. படம் யப்பானியரைத் துயருற்றோராகக் காட்டிற்று, அஃது உண்மை. அவர்களைத் துயர் விளைத்தோராகக் காட்டவில்லை, அதுவும் உண்மையே. முன்னையதைக் கூற ஓர் உருவகம் வாய்த்தது. பின்னையதைக் கூற ஒன்றும் வாய்க்கவில்லை. இதற்காக ஹொண்டாவைக் குறைகூறுதல் எளிது. அச்சத்தை உருவகிப்பதிலும் குற்றத்தை உருவகிப்பது எந்நாட்டுக் கலைஞர்க்கும் அரிது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இந்நூற்றாண்டிலும் அவ்விலங்கு இருமுறை வலிமையோடு எழுந்தது. 2011 மார்ச்சு 11ஆந் திகதி நிகழ்ந்த பூகம்பமும் கடற்கோளும் 18,000க்கு மேற்பட்டோரைக் கொண்டன. புகுஷிமா அணு உலைகள் சிதைந்தன. 2016இல் ஹிதெயாக்கி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த 'ஷின் கொஜிரா'வில் விலங்கு நகரை அழிக்க, அமைச்சரும் அதிகாரிகளும் ஒரு கூட்டத்திலிருந்து மறுகூட்டத்துக்கு ஓடுகின்றனர். ஈற்றில் அது அழிக்கப்படவில்லை. உறைந்த நிலையிலே தோக்கியோவின் நடுவே நிற்கிறது. குளிரூட்டி அடக்கப்பட்டும் அகற்றப்படாத உலைகளை அது நினைவூட்டியது. 2023இல் தகாஷி யமசாக்கி எடுத்த 'கொஜிரா மைனஸ் வண்' கதையை 1945ஆம் ஆண்டுக்கே மீட்டுச் சென்றது. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பிய விமானி ஒருவனே அதன் நாயகன். இறப்பது கடமை என்று கற்பிக்கப்பட்டவன் வாழ்வது கடமை என்று கற்கிறான். காட்சித் தந்திரத்துக்கான அமெரிக்க ஒஸ்கார் பரிசை 2024இல் அப்படம் பெற்றது. தன் குடிமக்களின் உயிரை மதியாத அரசை அது துணிந்து கண்டித்தது. பிறநாட்டு மக்களின் உயிர் பற்றிய வினா அதிலும் எழவில்லை.

ஈற்றில் ஒரு செய்தி. யைசுவிலிருந்து சென்ற அப்படகு கதிர்வீச்சு நீக்கப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டு மீன்பிடிக் கல்லூரி ஒன்றின் பயிற்சிக் கலமாயிற்று. 1967இற் பழுதடைந்து, தோக்கியோவின் குப்பை கொட்டும் நிலமாயிருந்த யுமெனோஷிமாவிற் கைவிடப்பட்டது. கனவுத் தீவு என்பது அவ்விடப்பெயரின் பொருள். ஓட்டோமோவின் படநூல்களைப் பிள்ளைகள் ஆவலோடு வாங்கிய காலமும், கொஜிராவின் குட்டி திரையில் துள்ளி விளையாடிய ஆண்டும் அதுவே. உருவகம் நாடெங்கும் கொண்டாடப்பட, அதற்குக் காரணமான மரப்படகு சேற்றிற் கிடந்தது. பின்னர்ப் பொதுமக்கள் சிலர் செய்தித்தாள் வாயிலாக எழுப்பிய குரலால் அது மீட்கப்பட்டது. 1976இல் அதற்கென அமைக்கப்பட்ட காட்சிமண்டபத்தில் இன்றும் அதனைக் காணலாம்.

பூதவிலங்குக் கதைகளையும் நூல்களையும் விரும்பிப் படிக்கும் மாணவர் அவ்விருப்பத்துக்காக நாணவேண்டியதில்லை. கதையிலிருந்து படகுக்கும், படகிலிருந்து பிக்கினித் தீவுக்கும், அங்கிருந்து அப்போரில் மாண்ட எல்லா நாட்டு மக்களுக்கும் செல்லும் வழியை அவர்கள் தேடிச் செல்வார்களாக. அவ்வழியில் ஆசிரியர் துணைநிற்பாராயின் வரலாற்றுப் பாடம் உயிர்பெறும்.